வட்டம் வெட்டிய கை

டைல்ஸ்காரருக்கு நேர்கோடு கைவந்த கலை. ஒரு கூடத்தின் இந்த மூலையில் முதல் கல்லை வைத்தாரென்றால், அந்த மூலைவரை இம்மியும் கோணாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். ரசமட்டம் வைத்துப் பார்க்கிற மேஸ்திரிகள் எல்லாம் தங்கள் கௌரவத்துக்காகத்தான் வைத்துப் பார்த்தார்கள். பதினாலு வருஷம் முட்டிபோட்டே பிழைத்தவர் என்பதால் முழங்கால் இரண்டும் காய்த்துக் கிடந்தன. ஆனால் வட்டம் என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. குளியலறைச் சுவரில் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் கல்லில் வட்டமாக ஓட்டை போட்டுக் கோர்க்க வேண்டும். அங்கே வந்ததும் கல் அறுக்கும் மெஷினைக் கீழே வைத்துவிட்டு, "மாப்ள, கொஞ்சம் இங்க வா" என்று மைத்துனனைக் கூப்பிடுவார்.

மைத்துனன் அவர் மனைவிக்கு நேர் இளையவன். அவன் வெட்டிய வட்டம் குழாயில் இறங்கினால் இடையில் ஒரு முடி நுழையாது. பேச்சுதான் கிடையாது. வாயை யாருக்கோ வாடகைக்கு விட்டுவிட்டான் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். அதற்கும் சிரிப்பானே தவிர பதில் சொல்லமாட்டான்.

ஒருநாள் அவன் வட்டம் வெட்டும்போது டைல்ஸ்காரர் தன் போனில் வீடியோ படம் எடுத்தார். முகம் விழவில்லை, சிமெண்ட் தூசி படிந்த இரண்டு கைகள், மெஷின், கல், கடைசியில் கல் குழாயில் வழுக்கிக்கொண்டு இறங்குவது. அதை மனைவிக்கு அனுப்பி, "பாரு உன் தம்பி கைய" என்றார். மனசில் ஒரு கள்ளமும் இல்லாமல் எடுத்த படம். இந்த விவகாரத்தில் அவர் செய்தவற்றில் அது ஒன்றுதான் சுத்தமான காரியம் என்பதால் இதை இங்கே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் ஒன்று டைல்ஸ் வேலைக்கு ஆள் எடுப்பதாக அந்த வருஷம் செய்தி வந்தது. செய்தியைக் கொண்டுவந்ததே மைத்துனன்தான். "நீங்க முதல்ல போங்க அத்தான். பிள்ளைங்க படிப்பு இருக்கு. நான் அடுத்த தடவை பார்த்துக்கிறேன்" என்றான். அதுவரை அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ் எல்லாம் முடிந்தன. கடைசியாக ஒன்று கேட்டார்கள். குழாய்க்கு வட்டம் வெட்டுவதை இடையில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். முகம் வேண்டாம், கை தெரிந்தால் போதும். அதைப் பார்த்துத்தான் அந்த ஊர்க் கம்பெனிக்காரன் விசாவுக்கு எழுதுவான்.

டைல்ஸ்காரர் ஒரு சுவரோரம் போனைச் சாய்த்து வைத்துவிட்டு வெட்டிப் பார்த்தார். முதல் கல் இரண்டாகப் பிளந்தது. இரண்டாவது கல்லில் வந்தது வட்டமா சதுரமா என்று கல்லுக்கே தெரியாது. மூன்றாவதில் மெஷின் துள்ளி விளிம்பையே கடித்துவிட்டது. அனுப்ப வேண்டிய கடைசி நாள் அன்றைக்கு. மைத்துனனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவன் கண்டிப்பாகச் சரி என்றிருப்பான். ஆனால் வேலைக்கு நடுவே கூப்பிட்டு வெட்டச் சொல்வது வேறு; பதினாலு வருஷம் தொழில் செய்தவன், உன் கையை என் கை என்று அனுப்பிக்கொள்ளட்டுமா என்று எப்படி வாய்விட்டுக் கேட்பது? போனில் பழைய படம் இருந்தது. கை யாருடையது என்று தூசிக்குத் தெரியுமா என்ன. அனுப்பிவிட்டார்.

ஏழு வாரத்தில் விசா வந்தது. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த காகிதத்தில், தொழில் என்ற இடத்தில் டைல்ஸ் பதிப்பவர் என்று எழுதியிருந்தது. மனைவி அதை அக்கம்பக்கத்தில் காட்டாத வீடு இல்லை.

அவர் புறப்படுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது அதே ஆபீஸ் அடுத்த கூட்டத்துக்கு ஆள் எடுக்க ஆரம்பித்தது. மைத்துனன் வந்து, "அத்தான், அன்னிக்கு என்னை எடுத்தீங்களே, அந்த வீடியோ இருக்கா?" என்று கேட்டான்.

"அது எப்பவோ அழிஞ்சுபோச்சு மாப்ள. புதுசா ஒண்ணு எடுத்துக்கலாமே" என்றார் டைல்ஸ்காரர்.

"எதுக்குப் புதுசு? என் போன்ல பத்திரமா இருக்கு" என்றபடி சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். "அவர் எனக்கு அனுப்பினதுதான். இந்தா, இப்பவே அனுப்புறேன்."

அவள் தம்பி போனுக்கு அனுப்பியும்விட்டாள். டைல்ஸ்காரர் தடுக்க வாயெடுத்தார். என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியாமல் தண்ணீர் குடித்தார்.

நாலாம் நாள் மைத்துனன் ஆபீஸிலிருந்து நேராக அக்கா வீட்டுக்கு வந்தான். "இல்லைன்னுட்டாங்க. இதே வீடியோவை வேற யாரோ முன்னாடியே அனுப்பிட்டாங்களாம். அடுத்தவன் வேலைய நான் திருடி அனுப்பினதா எழுதிக்கிட்டாங்க. இனிமே அங்க என் பேரையே எடுக்கமாட்டாங்க" என்றான். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தான்.

டைல்ஸ்காரரும் அதே தரையைத்தான் பார்த்தார்.

அன்றைக்கு ஆரம்பித்தாள் மனைவி. "நான் பெருமைக்கு நாலு பேருக்கு அனுப்பினதுல எவனோ ஒரு கையாலாகாதவன் என் தம்பி கைய திருடிட்டான். அவன் உருப்படுவானா? அவன் திங்கிற சோறு உடம்புல ஒட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே புருஷன் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைப் போட்டாள். அவரும் அதைப் பிசைந்து சாப்பிட்டார். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் என்று வேளை தவறாமல் நடந்தது இந்த அர்ச்சனை. "நீங்களும் ரெண்டு வார்த்தை திட்டினா என்ன? உங்க மச்சான்தானே?" என்று ஒருநாள் கேட்டாள். அவர், "நாசமாப் போறவன்" என்று தன்னைத்தானே திட்டிவிட்டுக் கைகழுவ எழுந்துபோனார். கண்ணாடியில் முகம் பார்க்கக் கூசி அந்த மாதம் முழுக்க கடைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டுதான் சவரம் செய்துகொண்டார்.

ஆபீஸுக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் மைத்துனன் பெயர் சுத்தமாகிவிடும். இவர் விசா போய்விடும். விஷயம் அவ்வளவுதான், அதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஒருநாள் துணிந்து போகவும் செய்தார். டோக்கன் வாங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணிநேரம் உட்கார்ந்து, சொல்லவேண்டியதை மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தார். எண்ணைக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், "என்ன வேணும், சொல்லுங்க" என்றாள்.

"பெட்டி எத்தனை கிலோ கொண்டுபோகலாம்?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்தார். படிக்கட்டில் தன்மேல் அவருக்கு வந்த அருவருப்பு கொஞ்சநஞ்சமல்ல.

புறப்பட மூன்று நாள் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை காலையில் மைத்துனன் வந்து, "சைட்டுக்கு ஒரு நடை வந்துட்டுப் போங்க அத்தான்" என்றான். பாதி கட்டி நின்ற வீடு. ஆள் யாரும் இல்லை. குளியலறையில் உடைசல் கற்களைப் பொறுக்கி அடுக்கி வைத்திருந்தான். மெஷினை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"வெட்டுங்க."

"என்ன மாப்ள இது?"

"அங்க போனதும் முதல்ல இதைத்தான் வெட்டச் சொல்லுவாங்க."

அவர் வெட்டினார். கல் பிளந்தது. இன்னொன்றை எடுத்து வைத்தான். அதுவும் பிளந்தது. "ஒரே சுத்துல அறுத்துடணும்னு பார்க்கறீங்க. முதல் சுத்துல கோடு மட்டும் விழட்டும். மூச்சை ஏன் பிடிக்கறீங்க? விடுங்க" என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆறாவது கல்லில் ஓட்டை வட்டம் மாதிரி வந்தது. ஒன்பதாவது கல் குழாயில் இறங்கி நின்றது. முடி நுழைகிற இடைவெளி இருந்தது, ஆனால் நின்றது.

மெஷினை அணைத்தார். "எப்பத் தெரியும் உனக்கு?" என்றார்.

"ஆபீஸ்லயே. ரெண்டு வீடியோவையும் போட்டுக் காட்டினாங்க. முதல்ல வந்ததுல உங்க பேர் இருந்துச்சு."

"நீ என்ன சொன்ன?"

"இது யார் கைன்னு கேட்டாங்க. எங்க அத்தான் கைன்னு சொன்னேன்."

டைல்ஸ்காரர் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "உண்மையைச் சொல்லியிருக்கலாமே மாப்ள" என்றார் கடைசியில்.

"சொன்னா உங்க விசாவும் போயிருக்கும். அக்கா முகத்தை யார் பார்க்கிறது?" அவன் உடைந்த கற்களைக் கூடையில் அள்ள ஆரம்பித்தான். "நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அத்தான். நானே வெட்டி எடுத்துக் கொடுத்திருப்பேன்."

அவரும் கூடையில் கை வைத்தார். இருவருமாக அள்ளி முடித்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கூடத்தில் பெட்டியைத் திறந்துவைத்துத் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். சட்டைகளைப் பார்த்ததும் அவளுக்குத் தம்பி நினைப்பு வந்துவிட்டது. "இந்நேரம் அவனுக்கும் இப்படி ஒரு பெட்டி அடுக்கியிருப்பேன். பாழாப்போனவன், அவன் கை அழுகிப்போக..." என்று ஆரம்பித்தாள்.

"போதும்" என்றார். "அவனைத் திட்டாதே."

"ஏன், அவன் என்ன உங்களுக்குச் சொந்தமா?"

"அவன் நான்தான்."

அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவர் எல்லாவற்றையும் சொன்னார்: பிளந்த மூன்று கல், கடைசி நாள், ஆபீஸில் கிலோ கேட்டது, மைத்துனன் அங்கே சொன்ன பொய், இன்றைக்குக் கற்றுக்கொடுத்தது. தலை நிமிராமல் சொன்னார். அவள் எழுந்து வந்து அறைந்தால் வாங்கிக்கொள்வது என்று உட்கார்ந்திருந்தார். விசாவே வேண்டாம், நாளைக்கே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று அவள் விரட்டினால் போய்விடுவது என்றும் நினைத்திருந்தார். தன்னால் முடியாததை அவள் சொல்லிவிடுவாள் என்று எப்படியோ நம்பிவிட்டார்.

அவள் கையிலிருந்த சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். கண்ணில் நீர் வழிந்தது. எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இது வெளிய தெரிஞ்சா விசாவை ரத்து பண்ணிடுவாங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"பண்ணிடுவாங்க."

அவள் சட்டையைப் பெட்டிக்குள் வைத்து, அதன்மேல் இன்னொன்றை வைத்தாள். மூன்றாம் நாள் தம்பிதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் ஏற்றினான். அக்கா அவன் முகத்தைப் பார்க்காமல் பைகளை எண்ணினாள். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தத் திருடனைத் திட்டவில்லை.