தீக்குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்

2004-ஆம் வருஷம், உப்பு நன்றாக விளைந்துகொண்டிருந்த சித்திரை மாதத்தில், என் வீட்டுக்காரரும் என் மகனும் ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மரக்காணம் உப்பளத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரே பாத்தியில் வேலை செய்தவர்கள். அவர் உப்பை வாருவார், மகன் வரப்பில் ஏற்றுவான், நான் கூடையில் சுமப்பேன். அன்றைக்கு என் மகன் குமார், பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனி வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னான். சொன்னதோடு விட்டிருக்கலாம். "உன்ன மாதிரி காலு வெடிச்சு, கண்ணு கெட்டு இங்கியே கெடக்க என்னால முடியாதுப்பா" என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டான். அவர் சாப்பாட்டுத் தூக்கை வரப்பிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். அதோடு சரி.

ஒரே வீடு, ஒரே சோற்றுப்பானை, வருஷம் ஒன்று தாண்டியும் பேச்சில்லை. நடுவில் நான்தான் தபால்காரி. "கொழாயில தண்ணி வந்துடுச்சுன்னு அவங்கிட்ட சொல்லு" என்பார் அவர். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருப்பான். "கேட்டுச்சுன்னு சொல்லும்மா" என்பான். ஆரம்பத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகைதான் வந்தது. 2005 ஆடி பிறக்கும் சமயம், தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்த கம்பெனிக்குப் பக்கத்திலேயே ரூம் எடுத்துக்கொண்டு போய்விடுவதாகக் குமார் சொன்னான். இந்த நிலைமையில் போனால் அவன் திரும்பி வரமாட்டான் என்று எனக்குப் பட்டது.

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் போய் நின்றேன். "அவங்க ரெண்டு பேரும் நேருக்கு நேரா ஒரு வார்த்தை பேசிக்கிட்டா போதும் தாயே, வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று வேண்டிக்கொண்டேன்.

வேண்டிக்கொண்டதோடு நிற்கிற ஆள் இல்லை நான். திட்டமும் போட்டேன். ஆடியில் எங்கள் கோயிலில் தீமிதி. மஞ்சள் கயிற்றைக் காப்பாகக் கையில் கட்டிக்கொண்டவர்கள் தீமிதி முடியும்வரை ஒரு வேளை சாப்பாடு, தரையில் படுக்கை, காலையில் கிணற்றுக் குளியல் என்று இருக்க வேண்டும். மூன்று பேரும் சேர்ந்து காப்புக் கட்டிக்கொள்வோம் என்றேன். அம்மன் பேரைச் சொன்ன பிறகு இரண்டு பேராலும் மறுக்க முடியவில்லை. குமார் ரூமுக்குப் போவதைத் தள்ளிவைத்து லீவு போட்டான். ஒன்றாகப் பசி கிடந்து, ஒன்றாகக் கஷ்டப்பட்டால் வாய் தானாகத் திறக்கும் என்பது என் கணக்கு.

திறக்கவில்லை. அனுமந்தைக் குப்பத்திலிருந்து மீன்கூடை தெருவுக்குள் வந்தால், விரத வீட்டுக்கு மீன் வாசனை ஆகாதென்று நான் கதவைச் சாத்துவேன். உள்ளே இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். தீக்குழிக்கு வீட்டுக்கு ஒரு கட்டை கொடுக்க வேண்டும். வேண்டுமென்றே பெரிய புளியங்கட்டையாகப் பார்த்து வாங்கி, "ரெண்டு பேரும் தூக்கிட்டுப் போய் போடுங்க" என்றேன். முன்பக்கம் அவர், பின்பக்கம் இவன். தெருமுனையில் திரும்பும்போதாவது பேசித்தானே ஆக வேண்டும் என்று பின்னாலேயே போனேன். அவர் ஒரு தரம் இருமினார். இவன் பதிலுக்கு இருமினான். கட்டை அழகாகத் திரும்பியது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

அவர்கள் பேசாத பேச்சை எல்லாம் சேர்த்து நான் பேசினேன். இதைச் சொல்லத்தான் எனக்குக் கூசுகிறது. என்னோடு உப்புச் சுமக்கும் பொன்னம்மாவும் அந்த வருஷம் முதல் தடவையாகக் காப்புக் கட்டியிருந்தாள். "அக்கா, நெனச்சாலே எனக்கு பயமா இருக்குது" என்றாள். கிணற்றடியில் அத்தனை பெண்கள் இருக்கும்போது நான் சொன்னேன்: "உப்புல ஊறுன காலு இது, நெருப்பு என்னாடி பண்ணும்? பயம் இருக்குறவ எதுக்கு காப்பு கட்டுன? வூட்டுல கஞ்சி குடிச்சிட்டுப் படு." எல்லோரும் சிரித்தார்கள். பொன்னம்மா தலை குனிந்துகொண்டாள்.

தீமிதி அன்று சாயந்திரம் மஞ்சள் துணி கட்டி, நனைந்த உடம்போடு வரிசையில் நின்றோம். முன்னால் என் வீட்டுக்காரர், நடுவில் நான், பின்னால் குமார். இந்த வரிசையும் என் ஏற்பாடுதான். இரண்டு பேரில் யாராவது தடுமாறினால் பிடித்துக்கொள்ள நான் நடுவில் இருக்க வேண்டுமாம். அம்மன் கரகம் முதலில் தீக்குழியில் இறங்கியது. "கோவிந்தா கோவிந்தா" என்று ஊரே கூப்பிட்டது. பொன்னம்மா எங்களுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஓடி, அந்தப் பக்கம் கால் சூட்டை ஆற்றும் பால்குழியில் இறங்கினாள். என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார்.

என் முறை வந்தது. அனல் முகத்தில் அடித்தது. உள்ளங்கால் வெடிப்பெல்லாம் அப்போதே எரிய ஆரம்பித்தது. ஒரு காலைத் தூக்கினேன். தூக்கிய கால் பின்னால் போய்க் குமாரின் காலை மிதித்தது. "போம்மா" என்றான். இன்னொரு தடவை முயன்றேன். "என்னால முடியலடா" என்று சொல்லிவிட்டு, ஈரப்புடவையோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

வரிசை நின்றது. கூட்டத்தில் ஒருத்தி, "விரதத்துல சுத்தமா இருந்தாளோ என்னமோ, ஆத்தா ஏத்துக்கல" என்றாள். அது அப்படியே நாலு பேர் வாய்க்குப் போனது. காப்புக் கட்டியவள் குழி வரைக்கும் வந்து பின்வாங்கினால் எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். இனி காலம் தவறி மழை பெய்து உப்புக் கரைந்தாலும் என் தலையில்தான் விழும். என் விரதத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதைச் சொல்ல, எப்போதும் எல்லோருக்கும் முந்திக்கொள்கிற என் வாய் வரவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

குழியைச் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்தார். காலில் பாலும் சாம்பலும் ஒட்டியிருந்தது. கூட்டத்தைப் பார்த்து, "எம் பொண்டாட்டி விரதத்துல ஒரு குத்தமும் இல்ல. பயந்துட்டா, அவ்ளோதான்" என்றார். பிறகு நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

"டேய் குமாரு, நீ போய் மிதிச்சிட்டு வா. அம்மாவ நான் பாத்துக்கிறேன்."

"அம்மாவ இப்டி விட்டுட்டு நான் எப்டிப்பா போறது?"

"அவளுக்கும் சேத்து மிதிடா. நான் இங்கதான் நிக்கிறேன். போ."

குமார் போனான். அவன் அந்தப் பக்கம் ஏறும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.

நான் கேட்ட வரம் என் காதுக்குப் பக்கத்தில் நடந்து முடிந்தது. எனக்கு அது உறைக்கவே இல்லை. யார் கண்ணிலும் படாமல் எப்படி வீட்டுக்குப் போவது என்பதே அப்போது என் நினைப்பு. அப்பனும் மகனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து, தெரு முழுக்கப் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பிறகு பல நாள் யாரும் போகாத சுற்றுவரப்பு வழியாகத்தான் உப்பளத்துக்குப் போனேன். பெண்கள் பேச்சை நிறுத்தினாலே என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். வீட்டிலோ, இவர்கள் இரண்டு பேரும் "என்னால முடியலடா" என்று என்னைப் போலவே சொல்லிக்காட்டிச் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூனிப்போகும். ஒரு காலையில் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். "பாண்டி பஸ்ஸு எத்தினி மணிக்குடா?" என்று உள்ளே அவர் கேட்டார். "ஆறரைக்குப்பா, நேரம் இருக்குது" என்றான் அவன். என் வழியாக வராத பேச்சு. ரூம் பேச்சை அவன் எடுத்தே நாளாகியிருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கையெல்லாம் சாம்பலோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கோயிலுக்குப் போய் விழுந்து, "கேட்டதையும் குடுத்துட்ட, என் வாய்க்கும் ஒரு சூடு போட்டுட்ட" என்று சொன்னேன்.

வருகிற வழியில் பொன்னம்மா வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்து வாசலிலேயே நின்றேன். "நீ திட்டுனதாலதான் அக்கா நான் மிதிச்சேன். இல்லன்னா நானும் உன் பக்கத்துல உக்காந்திருப்பேன்" என்றாள். அவள் சிரித்தது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

2006 ஆடியில் அவரும் குமாரும் மறுபடி காப்புக் கட்டினார்கள். அப்பன் முன்னால், மகன் பின்னால். நான் கட்டிக்கொள்ளவில்லை. பால்குழிப் பக்கம் குடத்தோடு நின்று, வருகிறவர்கள் காலில் தண்ணீர் ஊற்றினேன். "நீ எறங்கலையாம்மா?" என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டார். "இல்லீங்க, எனக்கு பயம்" என்றேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகம் சுட்டது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் பேச்சு நின்றுபோயிருந்தால், அம்மனை நம்பி, எல்லோரும் சேர்ந்து ஒரு கஷ்டமான காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யார் தடுமாறுவார், யார் பிடிப்பார் என்று மட்டும் நீங்களே வரிசை போடாதீர்கள். நான் போட்டேன். அதைத் தாய் மாற்றி, என்னைத் தடுமாற வைத்து அவர்களைப் பிடிக்க வைத்தாள். அவள் அப்படி மாற்றியதால்தான் என் மகன் இன்றைக்கும் என் வீட்டில் சாப்பிடுகிறான்.