எடுக்க மறுத்த பக்கம்

காஞ்சிபுரத்தில் ஒரு இணையதளம் நடத்திப் பிழைக்கலாம் என்று நானும் என் தோழியும் முடிவு செய்தபோது, ஊரில் பாதிப் பேருக்கு இன்டர்நெட் என்றால் பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டரில் பையன்கள் தடுப்புக்குள் உட்கார்ந்து பார்க்கிற ஏதோ ஒன்று. மீதிப் பேருக்கு அதுவும் தெரியாது. இரண்டாயிரம் பிறந்த புதிது அது.

எங்கள் குடும்பம் மாகறல் பக்கம். தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலி. அப்பா மிஷன் பள்ளியில் படித்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் ஆனார். தோழிக்குச் சின்ன காஞ்சிபுரம். அவள் அப்பா ஓய்வு பெற்ற பேராசிரியர். கோயிலில் முதல் வரிசையில் நின்று பாசுரம் சொல்லும் குடும்பம். நாங்கள் இருவரும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தோம். சென்டரை மூடியபோது அங்கிருந்த பழைய கம்ப்யூட்டர்கள் இரண்டை வாங்கி, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி அறையில் வைத்தோம். அதுதான் எங்கள் கம்பெனி.

கோயில் நடை திறக்கும் நேரம், சென்னைக்குப் பஸ் நேரம், லாட்ஜ், அவசரத்துக்கு ரத்தம் கொடுப்பவர்களின் விவரம், எல்லாம் எங்கள் தளத்தில் இருந்தது. அவள் புரோகிராம் எழுதுவாள். அலைவதும் பேசுவதும் என் வேலை. வருமானம் பட்டுக் கடை விளம்பரத்தில்தான் வர வேண்டும். கடைக்காரர்களுக்குக் காலண்டர் தெரியும், சினிமா கொட்டகை ஸ்லைடு தெரியும். "காலண்டர்னா சுவத்துல மாட்டலாம். உன் விளம்பரத்த எங்கம்மா மாட்டுறது?" என்று ஒருவர் கேட்டார். அன்றைக்கே அவர் விளம்பரப் பக்கத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து, கல்லாவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எல்லாக் கடைக்கும் அப்படியே செய்தோம். இன்டர்நெட்டை ஆணியில் மாட்டி விற்றவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

வாடகை, டெலிபோன் பில், சர்வர் கட்டணம் எல்லாம் போக எங்களுக்கு நிற்பது சொற்பம். ஆனாலும் நின்றது. அதற்குக் காரணம் ஒரே ஒரு பெரிய கடை. அதன் முதலாளி தளத்தின் முகப்பிலேயே விளம்பரம் கொடுத்திருந்தார். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்களும் கொடுத்தார்கள்.

தளத்தில் ஊருக்கு வந்துபோனவர்கள் எழுதும் பக்கம் ஒன்று இருந்தது. ஒருநாள் அதற்கு ஆம்பூரிலிருந்து ஒரு புகார் வந்தது. மகள் கல்யாணத்துக்கு அந்தப் பெரிய கடையில் அசல் ஜரிகை என்று சொல்லி விற்ற புடவை, ஒரு வருடத்துக்குள் கறுத்துவிட்டது என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். நாங்கள் உடனே போடவில்லை. போன் செய்து விசாரித்தோம். அவர் மறுவாரமே பஸ் ஏறிப் புடவையோடு வந்துவிட்டார். மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்போடு, செய்தித்தாளில் சுற்றியிருந்ததைப் பிரித்துக் காட்டினார். முந்தானை முழுக்க அடுப்புக் கரி பட்டதுபோல இருந்தது. கடையில் கேட்டதற்கு, வியர்வை பட்டிருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"எனக்குத் திருப்பி ஒண்ணும் வாணாம்மா. வேற யாரும் ஏமாறக் கூடாது" என்றார்.

அவர் போன பிறகு அந்த மாத விளம்பரக் கணக்கை எடுத்துப் பார்த்தோம். பிறகு தோழி கடையின் பெயரோடு, ஒரு வார்த்தை மாற்றாமல், பக்கத்தில் ஏற்றினாள்.

இரண்டு நாளில் முதலாளி கூப்பிட்டனுப்பினார். மெத்தையில் சாய்ந்திருந்தார். எங்களுக்குக் காபி வந்தது. முதலில் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். கடையின் பழமை, பெயர், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவருடைய பதிலையும் அதே பக்கத்தில் போடுகிறோம், அதற்குக் கட்டணம் கிடையாது என்றேன். அவர் முகம் மாறியது.

"என் காச வாங்கிக்கினு என்னப் பத்தியே எழுதுறியா? அந்தப் பக்கத்த எடு. இல்லன்னா இந்தத் தெருவுல ஒரு கடையும் உனுக்கு விளம்பரம் குடுக்காது."

எடுக்க முடியாது என்றேன். அவர் என்னை விட்டுவிட்டுத் தோழியின் பக்கம் திரும்பினார்.

"நீ பெரிய வீட்டுப் பொண்ணு. உங்கப்பாவ எனக்குத் தெரியும். இவங்கல்லாம் கம்ப்யூட்டரத் தொட்டதே நேத்துதான். இவளோட சேந்துக்கினு ஏம்மா பேரக் கெடுத்துக்கிற?"

அந்த மாதிரிப் பேச்சு எனக்குப் புதிதல்ல. ஆனால் சம்பளம் வாங்காத இடத்தில், காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது அதுதான் முதல் தடவை. நான் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் தோழி எழுந்து நின்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"உங்க விளம்பரத்த இன்னிக்கே எடுத்துடறேன். அந்தப் பக்கம் இருக்கும்."

இருவரும் தெருவுக்கு வந்தோம். காபியைக் குடிக்காமல் வந்தது எனக்குப் பெரிய திருப்தியாக இருந்தது.

முதலாளி சொன்னதைச் செய்தார். கடைகள் வரிசையாக விலகின. லேமினேட் செய்த அட்டைகளைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். சிலர் வருத்தப்பட்டார்கள், தங்களுக்கு வேறு வழியில்லை என்றார்கள். தோழியின் அப்பா, பெரிய மனிதர்களோடு பகை எதற்கு, வங்கித் தேர்வு எழுது என்றார். பகை வைத்துக்கொண்டது தான்தான், தன் கூட்டாளி அல்ல என்று அவள் அப்பாவிடம் திருத்திச் சொன்னாளாம். என் அம்மா மட்டும், அவன் அப்படிப் பேசினதுக்கு நீ ஏன் சும்மா வந்தே என்று கோபப்பட்டாள்.

தளத்தை மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெறும் வீம்புதான். அந்த வீம்பு இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் பள்ளிக்கூடம் தாண்டியிருக்க மாட்டார்கள். வாடகைக்காகப் பயோடேட்டா அடித்துக் கொடுத்தோம். பிளஸ் டூ ரிசல்ட் அன்று மாடிப்படி முழுக்கப் பிள்ளைகள் நின்றார்கள். நம்பரை வாங்கி வாங்கிப் பார்த்துச் சொன்னோம். அந்தக் கூட்டத்தில் பாஸான பெண் ஒருத்தியின் அப்பா ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜர். முகூர்த்தத் தேதி காலியா என்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போன் வந்து ஒரு வேலையும் ஓடுவதில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார்.

அதைப் பிடித்துக்கொண்டேன். தினமும் காலையில் மொபெட்டில் கிளம்பி மண்டபம் மண்டபமாகப் போய், எந்தத் தேதி காலி என்று கேட்டு வருவேன். தோழி அதைத் தளத்தில் ஏற்றுவாள். முதலில் மேனேஜர்கள் சிரித்தார்கள். ஒரு மண்டபத்தில் வாட்ச்மேன் என்னை உள்ளேயே விடவில்லை. தாம்பரத்திலிருந்து ஒரு குடும்பம் எங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு நேரே வந்து அட்வான்ஸ் கொடுத்த பிறகு, மேனேஜர்களே போன் செய்து தேதி சொல்ல ஆரம்பித்தார்கள். மண்டபங்கள் மாதக் கட்டணம் கட்டின. சமையல்காரர், மேளக்காரர், பூக்காரர் எல்லாம் தாங்களாக வந்து சேர்ந்தார்கள். பட்டுக் கடை இல்லாமலேயே தளம் நின்றது.

கல்யாண வீட்டார் பார்க்கும் தளம் என்று தெரிந்ததும் கடைகள் மெதுவாகத் திரும்பின. முதலில் பிள்ளையார்பாளையத்தில் வீட்டிலேயே நெய்து விற்கும் ஒருவர். பிறகு தெருவிலிருந்த சிறு கடைகள். பெரிய கடையிலிருந்து முதலாளியின் மகன் வந்தான். எங்கள் வயதுதான். அந்தப் புகாரை எடுக்க வேண்டாம், யார் கண்ணிலும் படாத மாதிரி எங்கேயாவது கீழே தள்ள முடியுமா என்று கேட்டான். பதில் எழுதித் தந்தால் அதற்குப் பக்கத்திலேயே போடுகிறோம் என்றாள் தோழி. அவன் எழுதித் தரவில்லை. அவர்கள் விளம்பரம் கடைசி வரை வரவில்லை. வராமலே காலம் ஓடியது.

மண்டபத் தேதி போட ஆரம்பித்த மறு வருடமே மாடி அறை போதவில்லை. தரைத்தளத்தில் இடம் தேடினோம். அந்தப் பெரிய கடைக்கு நேர் எதிரே ஒரு அறை காலியாக இருந்தது. வாடகை கொஞ்சம் அதிகம்தான். தோழி என்னைப் பார்த்தாள். நான் சாவியை வாங்கினேன். போர்டு எழுத வந்த பெயின்டர் அளவெடுத்துவிட்டு, இந்தச் சின்ன ரூமுக்கு இவ்வளவு பெரிய எழுத்தா என்று கேட்டார்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கினு படிக்கிற மாதிரி இருக்கணும்பா" என்றேன்.