மல்லிகா டீச்சரைப் பற்றி நான் எழுதிய ஒரு வரி

மல்லிகா டீச்சர் மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி, அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது கைப்பேசியில் வந்தது. அதற்குள் பழைய ஆசிரியர்கள் குழுவில் கும்பிடு பொம்மைகள் வரிசை கட்டிவிட்டன. "ஒப்பற்ற ஆசிரியை", "கல்விக் கடல்". அடேயப்பா! உயிரோடு இருந்தபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்காத கூட்டம் இது. அந்தக் கூட்டத்துக்குத் தலைமையாசிரியனாக இருந்தவன் நான். என்னையும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

எங்கள் ஏரிக்கரைப் பள்ளியில் அவர் கணக்கு டீச்சர். போர்டில் ஒரு கணக்கை எழுதுவார்; பிறகு விளக்கம் சொல்ல வாயைத் திறக்க மாட்டார். பிள்ளைகள் தப்பாகப் போடும், அழிக்கும், ஒன்றோடொன்று சண்டை போடும். இவர் பெஞ்சு பெஞ்சாக நடந்து, "எப்பிடி வந்துச்சு?" என்று மட்டும் கேட்பார். பக்கத்து வகுப்பில் நான் தொண்டை கிழியப் பாடம் நடத்துவேன். என் பிள்ளைகள் நான் சொன்னதை அப்படியே ஒப்பிக்கும். எண்ணை மாற்றிக் கொடுத்தால் திருதிருவென்று முழிக்கும். இதற்குப் பெயர்தான் கற்பிப்பது என்று நம்பிக்கொண்டிருந்தேன், வெட்கங்கெட்டவன்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி அவர் வகுப்பை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, சம்பளம் வாங்கிக்கினு ஊமை மாதிரி நிக்கிற?" என்றார்.

மல்லிகா ஜன்னலுக்கு வெளியே காட்டினார். இடுப்பளவு ஏரித் தண்ணீரில் ஒரு பெண், ஓலைக் கூடையான பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி எறா பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகளும் தடவிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா வாயில பறி இருக்குது சார். பொண்ணுக்கு இங்க தடவு, அங்க தடவுனு ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அதனாலதான் அந்தப் பொண்ணு கத்துக்கிச்சு."

அதிகாரி சிரித்தார். அவரைவிடச் சத்தமாக நான் சிரித்தேன். அன்று மாலையே மல்லிகாவைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருக்கு ஆரம்பாக்கம் பக்கம் மாறுதல் வந்தது. கிளம்பும்போது அவர் சண்டை போடவில்லை. "பசங்களுக்கு விடையைச் சொல்லிடாதீங்க சார், பாவம் அதுங்க" என்றார்.

சொன்னேன். அவர் வகுப்புக்குப் போன முதல் நாளே சொன்னேன். ஒரு பெண் எழுந்து, "சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க, நாங்களே பாக்கறோம்" என்றாள். அவளை வெளியே நிறுத்தினேன். மூன்று மாதத்தில் அந்த வகுப்பும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என் வாயைப் பார்க்கப் பழகிக்கொண்டது. அவளும்தான்.

பொன்னேரியில் இரங்கல் கூட்டமாம். ஷாமியானா, மைக், மாலை. "நீங்கதான் சார் மொதல்ல பேசணும்" என்கிறார்கள். பேச்சுக்கு என்ன குறைச்சல் எனக்கு! அந்த அறிக்கையின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் நினைவாக என்னிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதைப் படித்து, எழுதியவன் நானென்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடப் போகிறேன்.

"இவர் வகுப்பில் பேசுவதில்லை, மாணவர்களே எல்லாவற்றையும் செய்துகொள்கிறார்கள்."

குற்றமென்று நினைத்து எழுதினேன். இதைவிட நல்ல பாராட்டை அந்தக் குழுவில் இன்னும் ஒருவரும் எழுதவில்லை.