சித்திக்கு ஆகாத ‘லாம்’

“எலிக்கு மட்டும்தானா?” என்று சித்தி கேட்டாள்.

“இந்த ஆராய்ச்சியில எலிக்குத்தான் செஞ்சு பாத்திருக்காங்க சித்தி. ஹைட்ரஜனைச் சுவாசிக்கக் குடுத்தா கதிர்வீச்சோட பாதிப்பு குறையலாம்னு எழுதியிருக்காங்க.”

“லாம்னா சரின்னுதானே அர்த்தம்? உள்ள வரலாம்னா வரலாம். அப்புறம் அதைக் குடுக்க டாக்டருக்கு என்ன கேடு?”

“இது அந்த லாம் இல்ல. குறையாமலும் போகலாம். அதுவும், கதிர் படுறதுக்கு முன்னாடியே எலிக்குக் குடுத்திருக்காங்க.”

“முன்னாடியேவா?” சித்தி சிரித்தாள், நல்ல சிரிப்பு இல்லை. “எலிக்கு அவ்வளவு மரியாதை. உங்க சித்தப்பாவுக்கு மீட்டருக்கு ஒரு பேட்டரி போட ஆளில்ல.”

வார்டுக்கு வெளியே, வேலைக்குப் போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். வாயு நிரப்பும் தொழிற்சாலையில் அவளுக்கு ஹைட்ரஜன் பிரிவு. அந்த சிலிண்டரின் மரை இடப்பக்கம் சுற்றும். மறந்துபோய் வலப்பக்கம் முறுக்குகிறவர்கள் அன்றைக்கு முழுக்க அவள் வாயில் விழுந்து எழுவார்கள். ஊருக்கெல்லாம் நிரப்பித் தருகிறவள் தன் புருஷனுக்கு ஒரு மூச்சு தர முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

சித்தப்பா குழாய்களின் வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படமெடுத்துச் சோதிப்பவர். கதிர் வீசும் சிறு குண்டு பெட்டிக்குள் திரும்பாமல் வெளியே சிக்கிக்கொண்டது. எச்சரிக்க வேண்டிய மீட்டர் ஊமையாக இருந்தது. அது தெரியாமல், குண்டு கோத்த கம்பியை அவர் கையால் சுருட்டினார். இப்போது கை வெந்து, ரத்த அணுக்கள் சரிந்து கிடந்தார். பிழைப்பாரா என்று டாக்டரே சொல்லத் தயங்கினார்.

மறுநாள் சித்தப்பாவின் மேனேஜர் ஆப்பிள் பையோடு வந்தார்.

“கதிர்வீச்சா இருக்கலாம்மா. வேற ஏதாவது வியாதியாவும் இருக்கலாம். அவசரப்பட்டு ஒண்ணும் சொல்லிட முடியாது.”

“அவசரப்பட்டது யாரு? மீட்டர் வேலை செய்யலைன்னு அவர் சொன்னப்போ, சும்மா முடிங்கன்னு விரட்டினது யாரு?”

“நான் அப்படிச் சொல்லியிருக்கலாம்...”

சித்தி பையை அவர் கையிலேயே திணித்தாள். “நீங்களே சாப்பிடலாம். கெளம்பலாம்.”

அவர் படியிறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அந்த ஆராய்ச்சிக்காரங்களுக்கு நெசமாவே தெரியாது, லாம் போட்டாங்க. அது நியாயம். இவனுக்கு எல்லாம் தெரியும்டி. நீ எனக்குப் புகார் எழுதிக் குடு. தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுது. ஒரு எடத்துலகூட லாம் வரக் கூடாது.”