வண்டியை விட்டுவிட்ட மதியம்

டூட்டியக்காவின் கைகள் மெக்கானிக்கின் குதிகால்களில் இருந்தன. வலது காலைத் தூக்கி, அடித்தோலின் நிறம் பார்த்து, ஈரத்தை ஒற்றி எடுத்து, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்தாள். பிறகு இடது கால். குளிப்பாட்டியாயிற்று, சவரம் செய்தாயிற்று, காலைப் பலகாரம் ஊட்டியாயிற்று. இது முடிந்தால் கை ஓயும். கை ஓய்ந்தால் ஆட்டம்.

"சீக்கிரம் முடிங்கக்கா. அங்க உலகம் அழிஞ்சு கெடக்கு," என்றார் மெக்கானிக்.

"அழிஞ்சது எங்க ஓடிடப் போகுது? முதல்ல குதிகாலு."

அவர் லிஃப்ட் பழுது பார்த்தவர். நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் மேலிருந்து கதை பேசிக்கொண்டே வேலையை முடித்துவிடுவாராம். இப்போது அவருடைய தசைகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டு நின்றுகொண்டிருந்தன. கால்கள் போய், கைகளும் போயிருந்தன. வலி, அரிப்பு, மரத்துப்போவது எல்லாம் தெரியும், அசையத்தான் முடியாது. தங்கை வீட்டின் முன்னறையில் அவர் கட்டில். உள்ளறையில் டூட்டியக்காவின் பாய். ஒரே பக்கமாகக் கிடந்து மரத்துவிட்டால், "அக்கா, திருப்புங்க," என்று கூப்பிடுவார். தூக்கம் கலையாமலே எழுந்து போய்த் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வருவாள்.

டூட்டியக்கா என்பது தங்கை வைத்த பெயர். வீட்டுக்கு வந்த முதல் நாள், காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டதற்கு, "டூட்டில இருக்கேன்," என்று சொன்னாளாம். பெயர் ஒட்டிக்கொண்டது. புருஷன் போன பிறகு முப்பத்தைந்து வயதில் படித்த வேலை இது. ஆஸ்பத்திரி வார்டு, முதியோர் இல்லம், வீடுகள் என்று அவள் திருப்பிப் போட்ட உடம்புகளுக்குக் கணக்கில்லை. புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அவள் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு: கட்டிலுக்கு மேலே வைத்து எதையும் பேசாதே, காதுதான் கடைசியாகப் போகும்.

அந்த ஆட்டம் அவளுக்கு வந்து சேர்ந்த கதை சின்னது. குண்டுகள் விழுந்து ஊர்களெல்லாம் சாம்பலான பிறகு, மிச்சமிருப்பவர்கள் தண்ணீரும் மருந்தும் தேடி அலைகிற வீடியோ கேம். முதல் பாகத்தை மெக்கானிக் தன் விரல்களாலேயே ஆடி முடித்திருந்தார். இரண்டாம் பாகத்தைக் கம்பெனிக்காரர்கள் இழுத்தடித்தார்கள். அது வந்தபோது விரல்கள் போய்விட்டன. தங்கை வாங்கி வந்த பெட்டி பிரிக்கப்படாமல் அலமாரியில் தூசி படிந்துகொண்டிருந்தது. தூசி தட்டப்போன டூட்டியக்கா, "பட்டன்தானே? நீங்க வழி சொல்லுங்க தம்பி, நான் அமுக்கறேன்," என்றாள்.

கன்ட்ரோலரை முதல் நாள் படுக்கைச்சட்டியைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள். பாலத்தில் நடக்கச் சொன்னால் ஆற்றில் நடந்தாள்.

"அக்கா, நாயைச் சுடச் சொன்னா நீங்க தடவிக் குடுக்கப் போறீங்க."

"எந்தப் பட்டன் எதுன்னு ஒழுங்கா சொன்னா நான் ஏன் தடவப் போறேன்?"

தங்கை பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறவள். காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது சொல்லுவாள்: "அண்ணா, நீ ஊரைக் காப்பாத்தினது போதும், அவங்கள விடு. மெஷின்ல துணி ஊறிக்கிட்டு கெடக்கு."

டூட்டியக்காவுக்குக் காது சிவந்துபோகும். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை கேம் ஆடுகிறாள் என்று யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று ஜன்னல் திரையை இழுத்துவிடுவாள். ஆனால் ருசி கண்டுவிட்டது. காய் நறுக்கும்போதுகூட அந்தச் சாம்பல் ரோடு கண்ணுக்குள் ஓடியது.

இரண்டாம் பாகத்தின் விசேஷம், முதல் பாகத்தில் ஆடிய ஆளையே இதற்குள் கொண்டுவரலாம். அதே கிழிந்த கோட்டு, அதே தழும்பு, அதே கூட்டாளி. கூட்டாளியின் பெயர் பம்ப்பு. தண்ணீர் பம்புகளைப் பழுது பார்க்கிற கிழவர். முதல் பாகத்தில் வீரனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான். இதில் அவருக்குக் கால்கள் விளங்காமல் போய், தள்ளுவண்டியில் கிடந்தார். வீரன் இழுத்துக்கொண்டு போகவேண்டும். வேகம் பாதியாகக் குறையும், தண்ணீரிலும் பாதி பம்ப்புக்குப் போகும்.

"இவரு இல்லன்னா நான் முதல் பாகத்துலயே காலி," என்பார் மெக்கானிக். வண்டி மேட்டில் ஏறும்போதெல்லாம், "மெதுவாக்கா, கிழவன் குலுங்குவான்," என்பார்.

மதியம் சாப்பிட்ட பிறகு அவர் கொஞ்சம் தூங்குவார். அந்த நேரத்தில் அவள் முகாமைச் சுற்றி நடந்து கை பழகிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. "முகாமுக்கு அந்தப் பக்கம் இருக்கற உப்புக்காட்டை மட்டும் தாண்டிடாதீங்க. அதை நான் பாக்கணும்."

அன்று மதியம் அவள் சத்தத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். முகாமைச் சுற்றிச் சுடுவதற்கு இருந்த நாய்கள் தீர்ந்துபோயின. உப்புக்காட்டின் ஓரம் வரை சும்மா போய்ப் பார்க்கலாமே என்று தோன்றிற்று. ஓரம் போனவளுக்கு உள்ளே நாலடி வைத்தால் என்ன என்று தோன்றிற்று. திரையில் மிச்சத் தண்ணீரைக் காட்டும் கோடு மளமளவென்று இறங்கியது. தூரத்தில் ஒரு கதவு தெரிந்தது. திரையில் கேள்வி வந்தது: வண்டியை இழுத்துச் செல்கிறாயா, விட்டுச் செல்கிறாயா?

அவள் யோசிக்கவே இல்லை. வார்டில் கட்டில் பற்றாத நாட்களில் வராந்தாவில் நின்று பேசிப் பழகிய வாய், தானாகத் திறந்தது.

"தேறாத கேஸு. இதுக்கு ஊத்தற தண்ணியும் தண்டம், இழுக்கறவனும் சேர்ந்து சாவான். விட்டுட்டுப் போப்பா."

பட்டனை அமுக்கினாள். வண்டியிலிருந்து கிழவர் ஒரு கையைத் தூக்கினார். பிறகு திரை திரும்பிவிட்டது. வீரன் காற்றாக ஓடினான். கதவு திறந்தது, உள்ளே தண்ணீர் கொட்டியது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூலையில் 'சேமிக்கப்பட்டது' என்று ஒரு வரி மின்னி மறைந்தபோதுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. அந்த ஆட்டம் தானே சேமித்துக்கொள்ளும். பின்னால் போக வழியில்லை.

திரும்பிப் பார்த்தாள். மெக்கானிக் கண்களை மூடிக் கிடந்தார். தூங்குகிறவர் மூச்சு வேறு, தூங்குவதுபோலக் கிடக்கிறவர் மூச்சு வேறு; பார்த்ததும் சொல்லக்கூடியவள் அவள். அன்று அவள் நின்று பார்க்கவில்லை. டிவியை அணைத்துவிட்டு, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணிகளை எடுத்து மறுபடி மடித்தாள்.

சாயங்காலம் ஆட்டத்தைப் போட்டதும் அவர் கேட்டார்: "பம்ப்பு எங்கக்கா?"

"தெரியல தம்பி. கை பட்டு ஏதோ அமுங்கிடுச்சு போலருக்கு."

"சரி, விடுங்க."

குரலில் ஒன்றுமில்லை. பிறகு கண்ணுக்கு வலிக்கிறது, இன்றைக்குப் போதும் என்றார். சாப்பாடு பாதியில் போதும் என்றார். இன்னொரு வாய் தண்ணீர் குடிக்கச் சொன்னதற்கு, "எதுக்கு, சும்மா," என்றார். அவர் முகத்தை நேரே பார்க்காமல் டூட்டியக்கா கிண்ணத்தைக் கழுவப் போனாள். பொய் சொன்னது உறுத்தியது. ஆனாலும் தப்பித்துவிட்டோம் என்று ஓர் அற்ப நிம்மதியும் இருந்தது. அன்று ராத்திரி யாரும் எழுப்பாமல் நன்றாகத் தூங்கினாள்.

காலையில் கண் விழித்ததும் அந்தத் தூக்கமே அவளைப் பயமுறுத்தியது. ஏன் இவ்வளவு தூங்கினோம்?

முன்னறைக்கு ஓடினாள். முந்தின ராத்திரி எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தாளோ, அந்தப் பக்கமே கிடந்தார். போர்வையை விலக்கித் திருப்பினாள். இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. விரலால் அமுக்கி எடுத்தாள். சிவப்பு வெளுக்கவில்லை. இந்த வீட்டுக்கு அவள் வந்த பிறகு இந்த உடம்பில் இப்படி ஒரு தடம் விழுந்ததில்லை.

"ஏன் கூப்பிடல? வலிச்சிருக்கும்ல?"

"வலிச்சுது." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தேறாத கேஸுக்கு எதுக்கு உங்க தூக்கத்தைக் கெடுக்கறதுன்னு விட்டுட்டேன்."

டூட்டியக்காவின் கை அவர் இடுப்பிலேயே நின்றுவிட்டது. முகம் எரிந்தது. காதுதான் கடைசியாகப் போகும் என்று எத்தனை பெண்களை நிற்க வைத்துத் திட்டியிருக்கிறாள்.

உள்ளேயிருந்து தங்கை, "என்னக்கா, ஏதாவது பிரச்சினையா?" என்றாள்.

ஒன்றுமில்லை என்று சொல்வது எளிது. மெக்கானிக்கே அதைச் சொல்ல வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள். "இடுப்புல சிவந்திருக்கு. நான் திருப்பல. என் தப்புதான்."

தங்கை ஈரத் தலையோடு வந்து பார்த்தாள். அண்ணன் முகத்தையும் அக்கா முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாத்துக்கோங்கக்கா," என்று மட்டும் சொல்லிப் போனாள். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்த இடத்தைத் தேய்க்காமல், எதுவும் படாமல், காற்றாட விட்டு, மறுபக்கம் சாய்த்து முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். தங்கை கிளம்பிப் போனதும் நாற்காலியை இழுத்து அவர் கண்ணெதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"கை பட்டு அமுங்கல தம்பி. நான்தான் விட்டுட்டு ஓடினேன். பொய் சொன்னேன்."

"தெரியும். முழிச்சுட்டுதான் இருந்தேன்." அவள் முகத்தைப் பார்த்து, "நீங்க சொன்னதும் ஒண்ணும் பொய்யில்லையே. நான் தேறப் போறேனா என்ன?" என்றார்.

தேறுவீர்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவர் அதை நம்பவும் மாட்டார்.

"தேற மாட்டீங்க. அதுக்கும் இடுப்பு செவக்கறதுக்கும் சம்பந்தம் இல்ல. நீங்க கூப்பிடணும், நான் வரணும். அதான் டூட்டி."

அவள் கன்ட்ரோலரை எடுத்து, முதல் பாகத்து ஆளைக் கொண்டுவரும் இடத்தைத் தேடிப்பிடித்து, ஆட்டத்தை அடியிலிருந்து தொடங்கினாள்.

"இத்தனை வாரம் ஆடினதெல்லாம் போயிடுமே."

"போகட்டும்."

சாம்பல் ரோடு வந்தது. கோட்டு, தழும்பு, வண்டி. வண்டிக்குள் பம்ப்பு. அவள் இழுக்கத் தொடங்கினாள். முதல் மேடு வந்தபோது மெதுவாக என்று சொல்வார் என எதிர்பார்த்தாள். சொல்லவில்லை. அவளாகவே மெதுவாக ஏறினாள்.

"அக்கா, திருப்புங்க."

அப்போதுதான் படுக்க வைத்திருந்தாள். மரத்திருக்க வழியே இல்லை. அது அவருக்கும் தெரியும். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, சிவந்த இடம் படாமல் பார்த்து மல்லாக்கத் திருப்பி, குதிகால்களைச் சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நாலடி இழுப்பதற்குள் மறுபடி கூப்பிட்டார்.

"அக்கா."

"வந்துட்டேன்," என்று எழுந்தாள். வீரன் நடுரோட்டில் வண்டியைப் பிடித்தபடியே நின்றான்.