கரி படியட்டும்

செங்கொடிக்கு வேலையே கறை பார்ப்பதுதான். திருவொற்றியூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினாறு வருடமாகச் செக்கர். சட்டைக் காலரில் ஊசிமுனை அளவு எண்ணெய் பட்டிருந்தாலும் கண்டுபிடித்துத் தனியே எடுத்துப் போட்டுவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வீடோ கரி லாரிகள் ஓயாமல் எண்ணூர் போகும் சாலையை ஒட்டி இருந்தது. துணியைக் கொடியில் போட்டுவிட்டு ஒரு டீ குடித்து வருவதற்குள் கரித்தூள் படிந்துவிடும். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் அதைத் திட்டாத நாளில்லை. அவள் வாய்க்குப் புருஷன் ஜெயவேல் பயப்படுவான், கரித்தூள் பயப்படவில்லை.

பிள்ளையில்லாத அந்த வீட்டுக்குப் போன ஆடியில் சௌமியா வந்தாள். ஏழு வயது. தத்து இல்லை, வளர்க்கச் சொல்லி விடுதியிலிருந்து அனுப்பிய பிள்ளை. இதற்கு முன் இரண்டு வீடுகள் அவளை அழைத்துப் போய், சரிப்படவில்லை என்று மிக்ஸியைத் திருப்பித் தருவதுபோலத் திருப்பித் தந்திருந்தன. வருடம் முடியும்போது குழந்தைகள் நல ஆபீஸிலிருந்து மேடம் வந்து பார்த்து எழுதுவார். அவர் நல்லபடியாக எழுதினால்தான் பிள்ளை தொடர்ந்து இங்கே இருக்க முடியும்.

தீபாவளிக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கூட்டத்தில் நசுங்கி ஒரு ரோஜா நிற கவுன் வாங்கி வந்தாள் செங்கொடி. காலையில் பார்த்தால் கத்தரிக்கோலால் அதில் இரண்டு வெட்டு. பொங்கலுக்கு வாங்கிய மஞ்சள் கவுன் குப்பைத்தொட்டியில் கிடந்தது. பக்கத்து வீட்டு மலிகா, கொழுப்பு என்றாள். ஜெயவேல் டிரெய்லர் ஓட்டுகிறவன். வாரத்தில் மூன்று நாள் துறைமுக வாசல் வரிசையிலேயே கிடப்பவன். விடு, விடு என்று போனில் சொன்னான். விடுதியின் கவுன்சலிங் அம்மா பொறுமையாக இருக்கச் சொன்னார். அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று மட்டும் சொல்லவில்லை.

மேடம் வரும் தேதி தெரிந்ததும் மூன்றாவது கவுன் வந்தது. அன்று மாலையே சௌமியா அதில் கத்தரிக்கோலை வைத்தாள். செங்கொடி கையும் களவுமாகப் பிடித்தாள். அடிக்கக் கையை ஓங்கியேவிட்டாள்.

"இன்னாத்துக்குடி இப்டிப் பண்ற? உனக்கு நான் இன்னா கொற வெச்சேன்?"

பிள்ளை அழவில்லை. உள்ளே போய்ப் பள்ளிக்கூடப் பையை எடுத்து வந்தாள். துணி, பிரஷ், சீப்பு எல்லாம் அதில் அடுக்கியிருந்தது. எத்தனை நாளாக அடுக்கி வைத்திருந்தாளோ. வாசற்படியில் உட்கார்ந்து, வண்டி எப்போது வரும் என்று கேட்டாள்.

"இன்னா வண்டி?"

"புதுசு போட்டா வண்டி வரும்ல. இட்டுகினு பூடும்ல."

முதல் வீட்டிலிருந்து அனுப்பியபோதும் புது கவுன், இரண்டாம் வீட்டிலிருந்து அனுப்பியபோதும் புது கவுன். இங்கே வந்து இறங்கியதும் புது கவுனில்தான். லட்சணமாக அனுப்பியிருக்கிறார்களே என்று செங்கொடியே மெச்சியிருந்தாள். அனுப்புகிறவர்களுக்கு வெறுமனே அனுப்ப மனசு வரவில்லையாம். நாசமாய்ப் போன மனசு. அவர்கள்மேல் வந்த ஆத்திரத்தைவிட, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கவுனாக வாங்கிக் குவித்த தன்மேல்தான் அவளுக்கு அதிக ஆத்திரம் வந்தது. உன்னை யாரும் கூட்டிப் போகமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்ல முடியவில்லை. அது தன் கையில் இல்லையே என்று பற்றிக்கொண்டு வந்தது.

மேடம் ஷெர்லின் வந்த அன்று சௌமியா சாயம் போன பழைய பாவாடையில் இருந்தாள். வெள்ளைக் கார் வாசலில் நின்றதும் பையைக் கட்டியணைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். ஷெர்லின் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. யாரோ கொடுத்த அன்பளிப்பு, புது கவுன். ஃபைலுக்கு போட்டோ வேண்டும், இதைப் போட்டுவிடுங்கள் என்றார். செங்கொடி எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். ஷெர்லின் தலையாட்டிக் கேட்டுவிட்டு, ஐந்து நிமிடம்தானே, எடுத்ததும் கழற்றிவிடலாம் என்றார்.

மறுத்தால் என்ன எழுதுவாரோ என்று செங்கொடி அந்த ஃபைலைப் பார்த்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். கவுனை எடுத்துக்கொண்டு நேரே துவைக்கிற கல்லுக்குப் போனாள். நாலு அறை அறைந்து, முறுக்கிப் பிழிந்து, சாலை ஓரத்துக் கொடியில் தன் பழைய புடவைகளுக்கு நடுவே போட்டாள்.

"ஒரு வாரம் கரி படியட்டும் மேடம். பழசானதும் போட்டு போட்டோ அனுப்பறேன். நீங்க இன்னா எழுதணுமோ எழுதிக்கோங்க."

ஷெர்லின் நீளமாக ஏதோ எழுதினார். காட்டவில்லை. கார் கிளம்பி டேங்கர் லாரிகளுக்கு நடுவே போய் மறைந்தது. செங்கொடி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

சௌமியா பையோடு வெளியே வந்து சாலையை எட்டிப் பார்த்தாள்.

"வண்டி பூட்ச்சா?"

"பூட்ச்சு."

"புதுசு கொண்டாந்தாங்கல்ல?"

"ஆமா."

பிள்ளை கொடியருகே போய்க் கவுனின் ஓரத்தைத் தொட்டு, விரலைத் திருப்பிப் பார்த்தாள். இன்னும் கரி புடிக்கல என்றாள். பிறகு பையைக் கல்மேல் இறக்கி வைத்துவிட்டு, ஒரு கிளிப்பை எடுத்து, கவுன் காற்றில் பறந்துவிடாதபடி மாட்டினாள்.