நாங்குநேரியில் இறங்கிய நிரூபணம்

ஞானராஜ் போய்விட்டார் என்று அவர் மனைவி எஸ்தரம்மா தொலைபேசியில் சொன்னபோது விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். போன வாரம்கூட, "நிரூபணத்தோட கடைசிப் பக்கத்தை ஒருதடவை பாத்துருவோம் வே" என்றிருந்தார். அதற்குள் அந்த மனிதருக்கு என்ன அவசரம்?

பாளையங்கோட்டைக் கல்லூரியின் கணிதத் துறையில் எங்களுக்கு எதிரெதிர் மேசை. யார் எந்தச் சமன்பாட்டைத் தீர்க்கப் புறப்பட்டாலும், "முதல்ல தீர்வு இருக்கான்னு பாரும். இல்லாததைத் தேடி எதுக்கு அலையுதீரு?" என்பார். அவரை அறிந்த எல்லோரும் இதை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான்.

எங்கள் ஆய்வு மின்காந்தப் புலங்களைப் பற்றியது. ஒளி மிகத் தீவிரமானால், தான் செல்லும் பொருளின் இயல்பையே மாற்றிவிடும். அப்போது சமன்பாடுகளை நேரே தீர்க்க முடியாது. ஆற்றல் குறைந்துகொண்டே போகும் புலங்களை வரிசையாக எடுத்து, அந்த வரிசை ஒரு புலத்தில் வந்து நிலைகொள்ளும் என்று காட்ட வேண்டும். அந்தப் புலமே தீர்வு. காட்டிவிட்டோம் என்றுதான் நினைத்தோம். ஆய்விதழும் ஏற்றுக்கொண்டது. அதை வைத்து அவருக்குப் பதவி உயர்வு வரவிருந்தது.

நேர்காணலுக்குச் சில நாள் முன்பு, வள்ளியூருக்கு வீடு திரும்பியவர் பாதி வழியில் கூப்பிட்டார்.

"நாங்குநேரியிலேயே பஸ்ஸ விட்டு இறங்கிட்டேன் வே. நம்ம நிரூபணம் போச்சு."

சுழற்சியற்ற புலங்கள் என்றொரு வகை இருப்பதை மறந்திருந்தோம். அவை ஆற்றலில் தடமே காட்டாமல் வரிசைக்குள் புகுந்து, அதை நிலைகொள்ள விடாது. எளிய சமன்பாடுகளில் பழகிய கை செய்கிற தவறு.

"நேர்காணல் முடியட்டும், பெறவு சொல்லுவோம்" என்று கத்தினேன்.

"அதை நம்பி இன்னொருத்தன் அது மேலயே தன் கணக்கைக் கட்டிருவான். பாவம்லா."

கட்டுரையைத் திரும்பப் பெற்றார். பதவி வேறொருவருக்குப் போயிற்று. வயிற்றெரிச்சலெல்லாம் எனக்குத்தான். அவர் சுழற்சியற்ற பகுதியைத் தனியே பிரித்துச் சமாளிக்க முடியுமா என்று பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

இடையில் நோயில் விழுந்தார். அது முற்றியும் வேலையை விடவில்லை. புதிய நிரூபணத்தை நான் வாசிக்க, படுத்தபடியே கேட்பார். சந்தேகம் வந்தால் விரலைத் தூக்குவார். கடைசிப் பக்கத்தைக் கேட்க அவர் இல்லை. அடக்கம் முடிந்த பிறகு தனியாகச் சரிபார்த்தேன். ஓட்டை எதுவும் இல்லை. அழுகை வந்துவிட்டது.

எஸ்தரம்மாவிடம் போய்ச் சொன்னேன். "தீர்வு இருக்கும்மா. சரியாயிட்டு."

"அது எப்படி இருக்கும் சார்? பாக்க முடியுமா?"

"முடியாதும்மா. இருக்குன்னு மட்டும்தான் சொல்ல முடியும். எங்கன, எப்படின்னு தெரியாது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப அவுகளப் பத்தியும் எனக்கு அவ்வளவுதான் சார் தெரியும். அது போதும்."

சாமி, பரலோகம் என்று யார் பேசினாலும் ஆதாரம் கேட்டுச் சண்டை பிடிப்பவன் நான். அன்று அந்த அம்மாவிடம் கேட்கவில்லை. ஞானராஜிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டவை அந்த நிரூபணமும், நிரூபணம் கேட்கத் தோன்றாத அந்த ஒரு நிமிடமும்.